விலையா, தேவையா?

கிறிஸ்மஸ் நெருங்கிவிட்டால் பேரங்காடிகளில் கூட்டம் அலைமோதும். "எவ்வளவுக்கு வாங்குவது?" என்பதே பலரின் கவலை. ஆனால் நேயர்களே, இந்த வழக்கத்தின் வேர் வேறு பாடம் சொல்கிறது.

4-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள மைரா நகரின் ஆயராக இருந்தவர் புனித நிக்கலஸ். வரதட்சணைக்கு வழியின்றித் தவித்த ஓர் ஏழைத் தந்தையின் மூன்று பெண்களுக்காக, இரவோடு இரவாக அவர் பொன்முடிப்புகளை வீட்டுக்குள் போட்டதாகக் கதை உண்டு. இவரே பின்னாளில் கிறிஸ்மஸ் தாத்தாவானார்.

அந்த வீட்டின் தேவையை அறிந்து கொடுத்தார். வாங்கியவர் தலைகுனியாதபடி மறைந்து கொடுத்தார். இதுதான் பரிசின் இலக்கணம்.

திருப்பிக் கொடுக்க வசதியில்லாத உறவினருக்கு ஆடம்பரப் பரிசு கடனாகவே தெரியும். தனியாக வாழும் பாட்டிக்குப் பட்டுச் சேலையைவிட, பழுதான மின்விசிறிக்குப் பதில் புதியது ஒன்று பெரிய உதவி. கடைக்குப் போகுமுன், பெறுபவரின் வீட்டை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.