செல்லம்மாளின் ஆஸ்தி

தேசத்துக்காகத் தம்மை அர்ப்பணித்தவர்களின் சரித்திரத்தை நாம் ஆவலுடன் படிக்கிறோம். அவர்கள் வீட்டில் அன்றைக்கு உலை ஏறிற்றா என்று விசாரிப்பவர் சிலரே.

அமெரிக்க ராஜதந்திரி ஜான் ஆடம்ஸ் பல வருஷங்கள் வெளியூர்களிலும் ஐரோப்பாவிலும் இருந்தபோது, அவர் மனைவி அபிகேல் அம்மாள் பண்ணையை நிர்வகித்தார். கணவர் அனுப்பிய சீமைச் சரக்குகளை விற்றார். சர்க்கார் கடன் பத்திரங்களும் வாங்கிச் சேர்த்தார். விவாகமான ஸ்திரீக்குத் தனிச் சொத்துரிமையை அந்நாட்டுச் சட்டம் ஒப்பவில்லை. ஆயினும் 1816-இல் அவர் உயில் எழுதி, தம் பணத்தைப் பெரும்பாலும் உறவுப் பெண்களுக்கே வைத்தார். கணவரும் அதை மதித்து நிறைவேற்றினார்.

நம் ஸ்ரீமதி செல்லம்மாளுக்குப் பண்ணையுமில்லை, பத்திரமுமில்லை. 1897-இல், ஏழாவது பிராயத்தில், கடையத்துச் சிறுமியாக அவர் பாரதியாரை மணந்தார். 1908-இல் பாரதியார் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுச்சேரி சென்றார். அங்கே சுமார் பத்து வருஷங்கள் வறுமையுடன் குடித்தனம் நடந்தது. 1921 செப்டம்பரில், திருவல்லிக்கேணியில், அவர் காலமானார். மனைவிக்கும் இரு புதல்வியருக்கும் அவர் வைத்துப்போன பெருஞ்செல்வம் அவருடைய எழுத்துக்களே.

அந்த அம்மாள் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. மறு வருஷமே தம் சகோதரரின் துணையுடன் 'பாரதி ஆச்ரமம்' என்று பிரசுராலயம் கண்டு, 'சுதேச கீதங்கள்' நூலை வெளியிட்டார். ஆனால் புஸ்தகத் தொழிலில் காகிதத்துக்கும் அச்சுக்கும் பணத்தை முன்னால் கொட்டவேண்டும். விற்ற பணமோ மெள்ளத்தான் திரும்பும். கைம்முதலில்லாத முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர் பாரதியாரின் தம்பி முதலியோர் நடத்திய பாரதி பிரசுராலயம் அவ்வேலையை ஏற்றது. 1928-இல் சர்க்கார் அந்நூல்களைப் பறிமுதல் செய்தபோது, சட்டசபையில் சத்தியமூர்த்தி வாதாடும் அளவுக்கு அவை நாடெங்கும் பரவியிருந்தன.

1941-இல் செல்லம்மாள் தம் கணவரின் சரித்திரத்தையும் வெளியிட்டார். 1949-இல் சென்னை அரசாங்கம் பாரதி நூல்களின் உரிமையைத் தன் வசமாக்கிற்று. பிறகு அவை பொதுச் சொத்தாயின. 1955-இல் அம்மாள் மறைந்தார். ஹிந்து ஸ்திரீயைத் தன் சொத்துக்கு முழு எஜமானியாக்கிய வாரிசுச் சட்டம் 1956-இல்தான் வந்தது.

பாரதி விழா கொண்டாடும் குடும்பஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு வரவுசெலவு, பாங்கிக் கணக்கு, பத்திரம் யாவும் இல்லாளுக்குத் தெரிந்திருக்கட்டும். அவர் பெயரிலும் கொஞ்சம் இருக்கட்டும். பெண் விடுதலை பாடிய கவியின் வீட்டிலேயே அந்தக் குறை இருந்தது. நம் வீட்டில் அது வேண்டாம்.