நிலாவில் குழி! 3 மீட்டரில் தப்பியது ‘பிரக்யான்’
2 கண்ணை நம்பி ஓடிய எந்திர வண்டி

நாகலாபுரம்,–

மழை பெய்த மறுநாள் நாகலாபுரம் கரிசல் காட்டுப் பாதையில் சைக்கிள் உருட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். மண் அப்பி மட்கார்டுக்குள் அடைத்துக்கொள்ளும். அழுத்தி மிதித்தால் சக்கரம் வழுக்கிச் சுற்றும். சைக்கிள் நகராது! குச்சியால் மண்ணை நோண்டி எறிந்துவிட்டு, கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நானே வீடு வந்து சேர்ந்திருக்கிறேன்.

தோளில் தூக்க ஆள் இல்லாத இடத்தில் வண்டி மாட்டிக்கொண்டால்?

அப்படி ஒரு இடத்துக்குப் போன வண்டிதான் ‘பிரக்யான்’. சந்திரயான்–3 கொண்டு போன எந்திர வண்டி. டிரைவர் கிடையாது. எடை 26 கிலோ. 6 சக்கரம். வேகம் வினாடிக்கு 1 சென்டி மீட்டர். எறும்பு முந்திவிடும்!

2023–ம் ஆண்டு ஆகஸ்டு 23–ந் தேதி மாலை 6.04 மணிக்கு ‘விக்ரம்’ நிலாவில் இறங்கியது. சில மணி நேரம் கழித்து, அதன் வயிற்றுக்குள் இருந்து சாய்வுப் பலகை வழியாக பிரக்யான் உருண்டு வந்தது.

எதிரே குழி

27–ந் தேதி வந்தது ஆபத்து. வண்டிக்கு நேர் எதிரே 3 மீட்டர் தூரத்தில் ஒரு குழி. அகலம் 4 மீட்டர். உள்ளே விழுந்தால் அவ்வளவுதான். கயிறு கட்டி இழுக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

‘வந்த வழியே திரும்பு’ என்று பூமியில் இருந்து உத்தரவு பறந்தது. வண்டி பின்வாங்கி வேறு பாதையில் போனது.

குழி இருப்பது எப்படித் தெரிந்தது?

வண்டியின் முன்னால் 2 கேமராக்கள். கருப்பு–வெள்ளைப் படம்தான் எடுக்கும். வாசகர்கள் இப்போதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கட்டை விரலை முகத்துக்கு நேராக நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அதைத் திறந்துவிட்டு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தாவும். கையை நீட்டி வைத்தால் தாவல் குறைவு. மூக்குக்குக் கிட்டே கொண்டு வந்தால் தாவல் ஜாஸ்தி. 2 கேமரா படத்திலும் ஒவ்வொரு கல்லும் எவ்வளவு தாவுகிறது என்று கம்ப்யூட்டர் அளக்கும். அதை வைத்து மேடு பள்ளம் கணக்குப் போடும்.

இந்தக் கணக்கு வண்டியில் நடக்கவில்லை. பிரக்யானால் பூமியோடு நேரே பேச முடியாது. படத்தை விக்ரமிடம் கொடுக்கும். விக்ரம் பூமிக்கு அனுப்பும். இங்கே மேடு பள்ள வரைபடம் போட்டு, பாதையை முடிவு செய்து, உத்தரவு அனுப்புவார்கள். ஒரு தடவை எடுத்த படத்தில் 5 மீட்டர் தூரம்தான் கணக்குக்கு அகப்படும். அதனால் 5 மீட்டர் போக வேண்டியது, நிற்க வேண்டியது. மறுபடி படம், மறுபடி உத்தரவு!

இந்தத் திட்டத்தின் இயக்குனர் ப.வீரமுத்துவேல், நம்ம விழுப்புரத்துக்காரர். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து மேலே வந்தவர். சோதனைக்குப் போன மண்ணும் நம்ம மண். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகள் நிலாவின் பாறையை ஒத்தவை. அதைப் பொடி செய்துதான் பெங்களூரில் நிலாத் தரை போட்டுப் பார்த்தார்கள்.

சக்கரம் பொய் சொல்லும்

செவ்வாய் கிரகத்தில் கதை வேறு. உத்தரவு போய்ச் சேர 20 நிமிடம் கூட ஆகலாம். அதற்குள் வண்டி குழியில் கிடக்கும்! ஆகவே அமெரிக்க வண்டிகள் தாங்களே படம் பார்த்துக் கொஞ்ச தூரம் பாதை தேடும். அங்கேயும் கரிசல் காட்டுத் தொல்லைதான். சக்கரம் 10 சுற்று சுற்றினால் வண்டி 10 சுற்று தூரம் போனதாக அர்த்தம் இல்லை. புறப்படும் முன் ஒரு படம், நகர்ந்த பின் ஒரு படம். 2 படத்திலும் அதே கற்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பார்த்துத்தான் உண்மையான தூரம் தெரியும். 2004–ல் இறங்கிய ‘ஸ்பிரிட்’ வண்டி 2009–ல் இளகிய மண்ணில் புதைந்தது. பல மாதம் முயன்றும் மீளவில்லை.

பிரக்யான் புதையவில்லை. 100 மீட்டருக்கு மேல் ஓடிய பிறகு, செப்டம்பர் 2–ந் தேதி, இரவு வரப் போகிறது என்று தூங்க வைத்தார்கள். நிலாவில் ஓர் இரவு நம் கணக்கில் சுமார் 14 நாள். குளிர் மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே. விடிந்த பிறகு, 22–ந் தேதி, கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

பதில் வரவில்லை.