ஆபரேஷனுக்கு அப்புறம் களி சாப்பிட முடியுமா?

“ஆபரேஷன் பண்ணிட்டா அப்புறம் களி சாப்பிட முடியுமா?” எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றித் தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டியில் என் காதில் விழுந்த கேள்விகளில் உருப்படியானது இதுதான். கேட்டவர் உறவில் எனக்கு அக்கா முறை. எடை 92 கிலோ, சில வருடங்களாகச் சர்க்கரை, படியேறினால் முட்டி வலி, ராத்திரி முழுக்கக் குறட்டை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் செல்போனில் ஏதோ விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, “மூணே நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்மா” என்று சொல்லியிருக்கிறான். அக்காவுக்கு அந்த மூன்று நாள் ஒரு பொருட்டாகவே இல்லை. அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றித்தான் கவலை. அது சரியான கவலை. டீக்கடையில் டீ வந்ததும் பேச ஆரம்பித்தோம். நான் டாக்டர் இல்லை; இந்த விஷயங்களைப் படித்து எழுதுகிறவன். அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை வேறு, இது வேறு. அது தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைக் குழாய் வைத்து எடுப்பது, தோற்றத்துக்காகச் செய்வது. அதனால் சர்க்கரை குறையாது. இதில் இரைப்பையிலேயே கை வைக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் அதிகம் காதில் படும் பெயர்கள் இரண்டு: ஸ்லீவ், பைபாஸ். ஸ்லீவ் என்றால், வயிற்றில் நாலைந்து துளை போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் போல ஒல்லியான குழாய். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியை மட்டும் சுமார் 30 மில்லி பிடிக்கும் சின்னப் பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைக்கிறார்கள். சாப்பாடு பெரிய இரைப்பையையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடாமலே கீழே போய்விடும்.

இந்த அறுவை வந்த கதை இது. அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர், அல்சருக்காக இரைப்பையில் பாதியை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு அப்புறம் உடம்பு போடவே இல்லை என்பதைக் கவனித்தார். அதிலிருந்துதான் 1966இல் பைபாஸ் பிறந்தது. அப்போது எல்லோரும், அளவு குறைந்தது, அதனால் எடை குறைந்தது என்றுதான் நினைத்தார்கள். கதை அதைவிடப் பெரியது என்பது பின்னால் தெரிந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது அதிகம் சுரப்பது ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படும் பகுதியில்தான். ஆக, வயிறு சின்னதாவதோடு பசியே மட்டுப்படுகிறது. பைபாஸ் செய்துகொண்ட பலருக்கு எடை இறங்குவதற்கு முன்னாலேயே, சில நாட்களிலேயே, சர்க்கரை இறங்குவதற்கும் குடல் ஹார்மோன்களும் ஒரு காரணம்.

“வாயைக் கட்டினா போதாதா?” என்று பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார். எப்போதும் யாராவது ஒருவர் கேட்பார். வாயைக் கட்டினால் எடை குறையும், உண்மைதான். ஆனால் இருபது கிலோ கூடிப்போன உடம்பு அந்த எடையையே தன் இயல்பாக வைத்துக்கொள்கிறது. எடை குறையக் குறையப் பசி ஏறும், உடம்பு செலவழிக்கும் சக்தியும் சுருங்கும். வருடக்கணக்கில் அதை எதிர்த்து நிற்பவர்கள் கொஞ்சம் பேர்தான். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேருக்கு எடை அதிகம். இத்தனை பேரும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த அக்கா விடிகாலை எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர்.

சரி, யாருக்கு இது? கணக்கு எளிது. உயரத்தை மீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்குங்கள். எடையை அதனால் வகுங்கள். அக்காவின் உயரம் 160 செ.மீ. 1.6ஐ 1.6ஆல் பெருக்கினால் 2.56. 92ஐ 2.56ஆல் வகுத்தால் 35.9. இதுதான் பி.எம்.ஐ. 1991இல் அமெரிக்காவில் வகுத்த விதி, 40க்கு மேல் இருந்தால் செய்யலாம், 35க்கு மேல் இருந்து சர்க்கரை போன்ற நோயும் சேர்ந்திருந்தால் செய்யலாம் என்றது. 2022இல் உலக அளவிலான அறுவை மருத்துவர் சங்கங்கள் அதை இறக்கி, 35 என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் செய்யலாம் என்றன. நம்மைப் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால் 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்றும் சேர்த்தன.

இங்கே ஒரு சிக்கல். டாக்டர் 2022 விதியைப் பார்த்துச் சரி என்பார். காப்பீட்டு நிறுவனம் பழைய கணக்கைத்தான் பார்க்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த நெறியின்படி வயது 18 ஆகியிருக்க வேண்டும். பி.எம்.ஐ. 40 வேண்டும், இல்லையென்றால் 35 இருந்து, கட்டுக்குள் வராத சர்க்கரை, தூக்கத்தில் கடுமையான மூச்சுத்திணறல், இதய நோய் போன்ற ஒன்றாவது இருக்க வேண்டும். மற்ற வழிகளை முயன்று பார்த்துப் பலிக்கவில்லை என்பதும் வேண்டும். அக்காவின் பி.எம்.ஐ. மயிரிழையில் உள்ளே வருகிறது; மற்றவற்றுக்குச் சான்று வேண்டும். ஆகவே இதுவரை சாப்பிட்ட மாத்திரைச் சீட்டு, சர்க்கரை ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தர்மபுரி அல்லது சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் இந்த அறுவைக்கு அட்டை செல்லுமா, எந்த மருத்துவமனையில் செல்லும் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

எடை குறைக்க ஊசி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. டிர்செபடைட், எடைக்கான செமாகுளுடைட் இரண்டும் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. நன்றாகவே வேலை செய்கின்றன. பி.எம்.ஐ. முப்பதை ஒட்டி இருப்பவர் கத்திக்கு முன்னால் இதைப் பற்றி டாக்டரிடம் பேசுவதுதான் முறை. ஆனால் நிறுத்தினால் எடை திரும்பும். செமாகுளுடைட் நிறுத்தியவர்களுக்குக் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பி வந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

பயம் இருக்க வேண்டுமா என்றால், அளவாக இருக்க வேண்டும். அனுபவம் உள்ள இடங்களில் இந்த அறுவையில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான். பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடத்தக்கது. ஆனால் அந்த ஒருவர் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர், 150 கிலோ எடை, சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இதற்காகச் சேர்ந்தார். அறுவை மேடையிலேயே நிலை மோசமாகி, வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு இறந்துபோனார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. அவசர நிலையைச் சமாளிக்கப் போதிய ஏற்பாடு இல்லை என்று அந்த மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. எடை அதிகமுள்ளவருக்கு மயக்கம் கொடுப்பதே தனி வித்தை. எனவே கையெழுத்துப் போடும் முன் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டடத்தில் இருக்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள், தையல் போட்ட இடத்தில் கசிவு வந்தால் இங்கேயே பார்ப்பீர்களா, இந்த டாக்டர் வருடத்துக்கு எத்தனை செய்கிறார் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற டாக்டரை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

இனி களி. நம் பக்கத்தில் களியை யாரும் மெல்லுவதில்லை. உருண்டை பிடித்து, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவது. ஸ்லீவ் செய்த வயிற்றில் அந்த உருண்டை இறங்காது. நெஞ்சில் நின்று, வாயெல்லாம் எச்சில் ஊறி, கடைசியில் வாந்தியாக வரும். முதல் இரண்டு வாரம் நீராகாரம்தான். பிறகு மசித்தது, பிறகு குழைந்தது. வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். அதன் பிறகு களி சாப்பிடலாம். கோலிக்குண்டு அளவு கிள்ளி, கூழாகும் வரை மென்று, நாலைந்து வாயோடு நிறுத்த வேண்டும். அதையும் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். ஏனென்றால் தட்டில் முதலில் போக வேண்டியது புரதம். நாளுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது பொது விதி. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. முட்டை, கோழி, தயிர், மசித்த கொள்ளு, பச்சைப்பயறு என்று சின்னச் சின்னதாகப் பிரித்து நாளெல்லாம் சாப்பிட்டால்தான் கணக்கு முடியும். டாக்டர் சொன்னால் புரதப் பொடியும் சேரும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது; அரை மணி நேரம் தள்ளித்தான்.

டீ குடிக்கலாமா என்றால் குடிக்கலாம், சர்க்கரை இல்லாமல். பைபாஸ் செய்தவர் இனிப்பு டீயைக் குடித்தால் அது நேரே குடலில் கொட்டி, படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று அரை மணி நேரம் ஆட்டிவைக்கும். இரும்புச்சத்து மாத்திரை போடும் நேரத்தில் டீயே கூடாது, சத்து உடம்பில் ஏறாது. டீயைவிட மோசம் கூட வரும் பிஸ்கட்டும் மிக்சரும். வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்குவதால் வயிறு நிறைந்ததே தெரியாது. இரண்டாம் வருடத்துக்கு மேல் எடை ஏறுகிறவர்கள் பலர் இப்படித்தான் ஏற்றிக்கொள்கிறார்கள். மதுவைப் பற்றி ஆண்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும்: ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்த அளவே சட்டென்று தலைக்கேறும், பழக்கம் முற்றும் அபாயமும் கூடும்.

மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. பி12, இரும்பு, கால்சியம், டி விட்டமின். நிறுத்தினால் ஒரு வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு சோகை, கால் மரத்துப்போவது, எலும்புத் தேய்மானம் என்று வரும். மூன்றாம் மாதத்தில் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். வயிற்றிலும் கையிலும் தோல் தொங்கும், அது தானாகச் சரியாகாது. பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் ஒன்று, ஒன்றரை வருடம் தள்ளிப்போட வேண்டும். முட்டி வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையை, குறிப்பாகப் பைபாஸ் செய்தவர், தொடவே கூடாது, புண் வரும்.

எல்லாவற்றையும்விட நம் ஊருக்கென்று அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆபரேஷன் ஆன சில வாரங்களில் விடாமல் வாந்தி வந்தால், நாம் என்ன செய்வோம்? பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வோம். நாலைந்து நாள் எதுவும் தங்காத உடம்பில் பி1 விட்டமின் காலியாகியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாவது, நடை தடுமாறுவது, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். கிளினிக் டாக்டரிடம் வாய் திறந்து ஆபரேஷனைச் சொல்லுங்கள், தியமின் (பி1) ஊசியைக் கேளுங்கள். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மறைக்கும் விஷயம் இது இல்லை. அரசியல் தலைவர்களான அருண் ஜேட்லியும் நிதின் கட்காரியும் செய்துகொண்டதே நாடறிந்த செய்தி.

இவ்வளவு பாட்டுக்கும் பலன்? 1987இல் தொடங்கிய சுவீடன் ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் பத்து வருடம் கழித்தும் பழைய எடையில் கால் பங்கு குறைவாகவே இருந்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் உயிரிழப்பும் கணிசமாகக் குறைந்தது. அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த இன்னொரு ஆய்வில், ஐந்து வருடம் கழித்து ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் பைபாஸில் நூற்றுக்கு 29 பேர், ஸ்லீவில் 23 பேர், மருந்தில் மட்டும் இருந்தவர்களில் 5 பேர். பெரிய வித்தியாசம்தான், ஆனால் எல்லோருக்கும் சர்க்கரை போய்விடவில்லை. நோய் வந்து சில வருடங்களே ஆனவர்களுக்குப் பலன் அதிகம். அக்காவின் 92 கிலோ நீண்ட நாளில் 70ஐ ஒட்டி நிற்கலாம். விளம்பரத்தில் வரும் 50 கிலோ உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

என் அபிப்பிராயம் கேட்டார். செய்துகொள்ளலாம் என்றேன். ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்று எட்டாத ஊரில் வேண்டாம். மஞ்சவாடிக் கணவாய் தாண்டிச் சேலம் வரை பஸ்ஸில் போய்வர முடிகிறவருக்கு, வருடா வருடம் விமானத்தில் போக முடியாது. நாள் குறிக்கும் முன் மருத்துவமனையில் ஒரு தாள் கேளுங்கள். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், அதற்குப் பிறகு வருடந்தோறும் எந்த ரத்தப் பரிசோதனை, யார் பார்ப்பார்கள், என்ன செலவு என்று அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.