விதை போட்டு முசுக்கொட்டை வளர்க்கலாமா?

நம்ம கீழப்பழுவூருக்குப் பேர் வந்ததே ஆலமரத்தால்தான் என்பார்கள். பழு என்றால் ஆல். கோயிலில் இருக்கிற சாமியும் ஆலந்துறையார். அந்த ஆலுக்கும் பலாவுக்கும் ஒரே குடும்பத்துச் சொந்தம்தான் முசுக்கொட்டை. மல்பெரி என்றதும் பட்டுப்புழுதான் ஞாபகம் வரும். இன்றைக்கு நான் சொல்வது இலைக்காக அல்ல, பிள்ளைகள் பறித்துத் தின்னப் பழத்துக்காகக் கொல்லையில் வைக்கிற மரம்.

ஒரு பெரியவர் என்னிடம், "ஐயா, விதை போட்டு நாலு வருஷமாச்சு. பூக்குது, ஒரு பழம்கூட நிக்கலையே" என்றார். போய்ப் பார்த்தேன். மரத்தில் குறை ஒன்றும் இல்லை. அது ஆண் மரம்! பனையில் ஆண் பனை, பெண் பனை இருக்கிறதல்லவா, அதுபோல முசுக்கொட்டையிலும் உண்டு. ஆண் பூ கதிராகத் தொங்கி, மகரந்தத்தைக் கொட்டிவிட்டு உதிர்ந்துபோகும். விதையைப் பார்த்தோ நாற்றைப் பார்த்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. பெண் மரமாகவே அமைந்தாலும், தாய் மரத்துப் பழத்தின் ருசி அப்படியே வரும் என்றும் சொல்வதற்கில்லை.

அப்படியானால் விதை எதற்கு? வேருக்காக. போத்து நட்டால் பக்கவேர்தான் ஓடும். விதைக்கன்று ஆணிவேர் இறக்கும். மானாவாரிக் கொல்லைக்கு அது பெரிய பலம்.

நன்றாகக் கறுத்த பழத்தைத் தண்ணீரில் பிசையுங்கள். மிதப்பது பதர், அடியில் தங்குவதே விதை. நிழலில் உலர்த்திச் சீக்கிரமே விதைத்துவிட வேண்டும். வைத்திருந்தால் முளைப்பு குறைந்துவிடும். மணலும் மக்கிய எருவும் கலந்த தொட்டியில் தூவி, மேலே மணல் பூசினாற்போல் போட்டால் போதும். ஆழப் போட்டால் முளை மேலே வராது. பூவாளியால் மெதுவாகத் தெளியுங்கள். ஈரம் தேங்கினால் நாற்று அழுகும். இரண்டு வாரத்தில் முளை தெரியும். நாலைந்து இலை விட்டதும் பாலிதீன் பைக்கு மாற்றி, ஐப்பசி மழையில் நடலாம். சுக்கான் கல் உள்ள இடமானால் 2 அடிக் குழியில் செம்மண்ணும் எருவும் இட்டு நடுங்கள். இல்லாவிட்டால் இலை மஞ்சளாகும்.

தண்டு பென்சில் கனம் வந்ததும், நல்ல பழம் தருகிற மரத்திலிருந்து மொட்டு எடுத்து ஒட்டுக் கட்டுங்கள். ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டத் தெரிந்தவருக்கு இது கஷ்டமில்லை. மொட்டு துளிர்த்ததும் அதற்கு மேலே உள்ள தண்டை வெட்டிவிடலாம். கீழே விதையின் வேர், மேலே தெரிந்த மரத்தின் பழம்.

ஒட்டுக் கட்ட ஆள் இல்லையா? பழமரத்தின் போத்தையே மூன்று, நாலு கணு விட்டு நறுக்கி ஊன்றிவிடுங்கள். முதல் கோடையில் மட்டும் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுங்கள்.

பழம் ஓய்ந்ததும் கிளைகளைக் கழித்தால் புதுச் சிம்பில் மறுபடி காய்க்கும். கிணற்று மேடைப் பக்கமும் துணி காயப்போடுகிற இடத்திலும் மட்டும் வைக்காதீர்கள். அந்தச் சாறு வேட்டியில் பட்டால் வீட்டில் யாரும் என்னை மன்னிக்கமாட்டார்கள்.