புதுச்சேரியில் பிரெஞ்சு மொழித் தோய்வுக் கல்வி

மொழித் தோய்வுக் கல்வி என்பது, வீட்டில் பேசாத ஒரு மொழியைத் தனிப் பாடமாக மட்டும் கற்பிக்காமல், கணக்கு, அறிவியல், விளையாட்டு, ஓவியம் போன்றவற்றையும் அந்த மொழியிலேயே கற்பிக்கும் முறையாகும். பள்ளி நேரம் முழுவதும் புதிய மொழியில் நடந்தால் அது முழுத் தோய்வு எனவும், ஏறத்தாழப் பாதி நேரம் நடந்தால் பகுதித் தோய்வு எனவும் சொல்லப்படும். புதுச்சேரியில் தமிழ் பேசும் குடும்பங்கள் பிள்ளைகளைப் பிரெஞ்சு வழிப் பள்ளியில் சேர்ப்பதை இம்முறையோடு ஒப்பிடலாம்.

மொழிப்பாடமும் தோய்வும்

புதுச்சேரியிலும் தமிழகத்திலும் பல தனியார் பள்ளிகளில் பிரெஞ்சு இரண்டாம் மொழியாக உள்ளது. மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்று தமிழுக்குப் பதிலாக அதை எடுக்கும் மாணவர்கள் உண்டு. இது தோய்வு ஆகாது. வாரத்திற்குச் சில பாடவேளைகள் பிரெஞ்சு படித்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவரும் அம்மொழியில் சரளமாக உரையாடத் தயங்குவதைக் காணலாம். தோய்வு முறையில் குழந்தை பிரெஞ்சைப் படிப்பதோடு, பிரெஞ்சின் வழியாகவே உலகத்தையும் படிக்கிறது. ஆகவே பலனும் பெரிது, பொறுப்பும் பெரிது.

புதுச்சேரியின் பின்னணி

புதுச்சேரியின் பிரெஞ்சுப் பள்ளி 1826 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று அது லிசே பிரான்சே என்று அறியப்படுகிறது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1956 இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 இல் நடைமுறைக்கு வந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத கால வாய்ப்பு தரப்பட்டது. அவ்வாறு தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பங்களின் வழியினர் இன்றும் நகரில் வாழ்கின்றனர். அரசு நடத்தும் சில பள்ளிகளிலும் பிரெஞ்சு வழிப் பிரிவுகள் இருந்து வந்துள்ளன. மிஷன் வீதியிலுள்ள கல்வே காலேஜ் அவற்றுள் பலரும் அறிந்தது.

பிரெஞ்சுக் கல்வி அமைப்பில் மூன்று வயது முதல் மூன்று ஆண்டுகள் மழலையர் பள்ளி, அடுத்து ஐந்து ஆண்டுகள் தொடக்கப் பள்ளி, பின் நான்கு ஆண்டுகள் நடுநிலை, இறுதியில் மூன்று ஆண்டுகள் மேல்நிலை என மொத்தம் 15 ஆண்டுகள் உள்ளன. நடுநிலை முடிவில் பிரவே தேர்வும், மேல்நிலை முடிவில் பக்கலோரியா தேர்வும் நடைபெறும்.

ஆய்வுகள் சொல்வது

இம்முறை பற்றிய புகழ்பெற்ற ஆய்வு கனடாவில் நடந்தது. மொண்ட்ரியால் அருகிலுள்ள செயின்ட் லாம்பெர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோரின் முயற்சியால் 1965 இல் பிரெஞ்சுத் தோய்வு வகுப்பு தொடங்கப்பட்டது. மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பெர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அக்குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். தொடக்கத்தில் ஆங்கில வாசிப்பில் குழந்தைகள் சற்றுப் பின்தங்கினர். பள்ளியில் ஆங்கிலப் பாடம் சேர்க்கப்பட்டதும் சில ஆண்டுகளில் அக்குறை நீங்கியது. கணக்கிலும் பின்னடைவு இல்லை. பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் சிறந்து விளங்கினர். பேச்சிலும் எழுத்திலும் பிழைகள் நீடித்தன. இதைப் பின்பற்றி 1971 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கல்வர் சிட்டியில் ஸ்பானிய மொழித் தோய்வு வகுப்பு தொடங்கியது.

இந்த முடிவுகளை அப்படியே புதுச்சேரிக்குப் பொருத்திவிட முடியாது. கனடாக் குழந்தைகளின் வீட்டுமொழி ஆங்கிலம். நூலகம், தொலைக்காட்சி, வேலைவாய்ப்பு என எல்லாப் பக்கமும் அதற்கு வலிமை இருந்தது. புதிய மொழி வந்ததால் பழைய மொழி குறையவில்லை. லாம்பெர்ட் இதைக் கூட்டும் இருமொழியம் என்றார். புதிய மொழி வரும்போது வீட்டுமொழி தேய்ந்தால் அது கழிக்கும் இருமொழியம் ஆகும்.

தமிழுக்கு என்ன ஆகும்?

புதுச்சேரியில் குழந்தைக்குத் தமிழ்ப் பேச்சு போய்விடாது. வீட்டிலும் தெருவிலும் கடையிலும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். போகக்கூடியது எழுத்துத் தமிழ். தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள் உள்ளன. ர, ற வேறுபாட்டையும் ல, ள, ழ வேறுபாட்டையும் காதால் மட்டும் கேட்டு எழுத்தில் கொண்டுவர இயலாது. படித்துப் படித்தே அது கைவரும். ஒரு மொழியில் வாசித்துப் பொருள் கொள்ளும் திறன் இன்னொரு மொழிக்கும் உதவும் என்பது கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸின் கருத்து. ஆயினும் எழுத்துகளைத் தனியே கற்றுத்தான் ஆகவேண்டும்.

2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுமொழி அல்லது தாய்மொழி வழிக் கல்வியை வலியுறுத்துகிறது. பிரெஞ்சு வழியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், பள்ளி செய்யாத இந்தப் பணியைத் தாமே ஏற்கவேண்டியிருக்கும்.

திரும்பி வரும் வழி

குடும்பம் வேறு ஊருக்கு மாறினாலோ, கட்டணம் கட்ட முடியாமல் போனாலோ குழந்தை இடையில் இந்தியப் பாடத்திட்டத்துக்கு வரவேண்டியிருக்கும். இக்கட்டுரையாளரின் வகுப்புக்கு அவ்வாறு ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் வந்தான். பலகையில் எழுதிய கணக்கை மற்றவர்களுக்கு முன்பே போட்டுவிடுவான். அதையே வாக்கியக் கணக்காகக் கொடுத்தால் பேனாவை மூடிவைத்துவிடுவான். பாடம் தெரிந்த பிள்ளை, மொழி தெரியாததால் ஓராண்டு முழுவதும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். தாயார் இரவுதோறும் தமிழ்க் கதைப் புத்தகம் படிக்க வைத்தபின் அடுத்த ஆண்டு தேறினான்.

உயர்கல்வியையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். நீட் தேர்வு ஆங்கிலத்திலும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் நடக்கிறது, பிரெஞ்சில் இல்லை. வெளிநாட்டுச் சான்றிதழோடு இந்தியப் பல்கலைக்கழகங்களில் சேர, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் இணைச் சான்றிதழ் கேட்கப்படலாம். பிரான்சில் மேற்படிப்பு எண்ணமுள்ளவர்களுக்கு இந்தத் தடை குறைவு.

சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

1. வாரத்தில் தமிழுக்கு எத்தனை மணி நேரம்? எந்த வகுப்பில் தமிழ் எழுத்து தொடங்குகிறது?
2. ஆங்கிலம் எந்த வகுப்பில் தொடங்குகிறது?
3. வீட்டுப்பாடத்துக்கு உதவ, பிரெஞ்சு தெரிந்தவர் வீட்டில் உண்டா? இல்லையெனில் பள்ளி என்ன உதவி செய்கிறது?
4. 15 ஆண்டுக் கட்டணத்தைத் தாங்க முடியுமா? வெளிநாட்டுப் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கான பிரெஞ்சு அரசின் உதவித்தொகை, வருமானத்தைப் பொறுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கே கிடைக்கும்.
5. இடையில் மாற நேர்ந்தால் எந்த வகுப்பில் மாறுவது எளிது?

இக்கேள்விகளுக்கு விடை சரியாக அமையாவிட்டால், குழந்தையை வேறு பள்ளியில் சேர்த்து, 1889 முதல் புதுச்சேரியில் இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற இடத்தில் பிரெஞ்சைத் தனியே கற்பிக்கலாம். அதில் கிடைக்கும் பிரெஞ்சு அளவில் குறைவாக இருக்கலாம், இழப்பும் குறைவு.

விடை சரியாக அமைந்தால், பிரெஞ்சு வழிக் கல்வி நல்ல வாய்ப்பே. அப்போதும் வீட்டில் நாள்தோறும் கால் மணி நேரமாவது பிள்ளை தமிழை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதற்குச் செலவு ஏதும் இல்லை. தாத்தாவோ பாட்டியோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.