உங்களுக்குத் தெரியுமா? தொப்பி, முக்காடு, வெள்ளிக்கிழமை

1340-களில் மாலத்தீவை ஆண்டது ஒரு பெண், சுல்தானா கதீஜா. அவருடைய ஆட்சியில் காஜியாக இருந்தவர் மொராக்கோவிலிருந்து ஊர் சுற்ற வந்த இப்னு பதூதா. ஜும்ஆ தொழுகைக்கு வராதவர்களுக்கு அடி கொடுக்கச் சொன்னார், நடந்தது. பெண்கள் இடுப்புக்கு மேலும் உடுத்த வேண்டும் என்று சொன்னார், நடக்கவில்லை. தன் முன்னால் வழக்குக்கு வரும் பெண்களை மட்டும்தான் மூடிக்கொண்டு வரச் செய்ய முடிந்தது, அதற்கு மேல் முடியவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். பிறகு இலங்கை வழியாக அவர் வந்து சேர்ந்த இடம் மதுரை சுல்தானின் முகாம். சுல்தான் அவருக்குச் சகலை!

●

குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி ஏதோ தொன்றுதொட்டு வந்த சங்கதி என்று நினைப்போம். உண்மையில் அதுவே ஒரு அரசாணை. 1829-இல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அரசு ஊழியர்களின் தலைப்பாகையைக் கழற்றச் சொல்லி இந்தத் தொப்பியைப் போடவைத்தார். மார்க்க அறிஞர்களுக்கு மட்டும் தலைப்பாகைக்கு விலக்கு. அன்று அதைப் புதுமை என்று முகம் சுளித்தவர்களின் பேரன்கள், அதையே மார்க்கத்தின் அடையாளமாகப் பார்த்தார்கள். இதில் இன்னொரு வேடிக்கை: தொப்பிகளில் ஏராளமானவை ஆஸ்திரியாவில் தயாரானவை. 1908-இல் போஸ்னியாவை ஆஸ்திரியா தன்னோடு சேர்த்துக்கொண்டதும், இஸ்தான்புல் மக்கள் அந்நியச் சரக்கு என்று தொப்பியைக் கழற்றி எறிந்தார்கள்.

1925 நவம்பரில் துருக்கியில் அத்தாதுர்க்கின் அரசு அந்தச் சிவப்புத் தொப்பியையே தடை செய்தது. இனி விளிம்பு வைத்த ஐரோப்பியத் தொப்பிதான். விளிம்பு இருந்தால் சஜ்தாவில் நெற்றி தரையில் படாது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முன்பக்கம் மட்டும் விளிம்புள்ள தட்டைத் தொப்பியை வாங்கினார்கள். வெளியே சட்டப்படி போட்டார்கள், பள்ளிவாசலுக்குள் போனதும் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டார்கள். சட்டத்துக்கும் பங்கமில்லை, தொழுகைக்கும் பங்கமில்லை. ஆனால் எல்லார் கதையும் இப்படிச் சிரிப்பாக முடியவில்லை. இஸ்கிலிப் ஊரைச் சேர்ந்த ஆத்திஃப் என்ற ஆலிமை 1926 பிப்ரவரியில் தூக்கில் போட்டார்கள். ஐரோப்பியத் தொப்பியைக் கண்டித்து அவர் எழுதிய சிறு நூல், சட்டம் வருவதற்கு முன்பே வெளிவந்தது.

●

துருக்கியில் 1932 முதல் 18 ஆண்டுகள் பாங்கு அரபியில் ஒலிக்கவில்லை. துருக்கி மொழியில்தான் சொல்ல வேண்டும். மீறியவர்களுக்குச் சிறைத் தண்டனை என்று 1941-இல் சட்டமும் வந்தது. 1950 மே மாதத் தேர்தலில் வென்று வந்த மெண்டரஸ் அரசு, ஜூன் 16 அன்று, ரமலான் நோன்பு தொடங்கும் தறுவாயில் தடையை நீக்கியது. அரபிப் பாங்கைத் தடுத்த கட்சி அப்போது எதிர்க்கட்சி. அது இந்தத் திருத்தத்தை எதிர்க்கவே இல்லை! தேர்தலில் வாங்கிய அடி அப்படி.

●

செனகலில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். விடுதலைக்குப் பிறகு அந்த நாட்டை 20 ஆண்டுகள் ஆண்ட முதல் ஜனாதிபதி செங்கோர் கத்தோலிக்கர். கவிஞரும்கூட. 1980 முடிவில் யாரும் இறக்காமல் தானாகவே பதவியிலிருந்து இறங்கினார்.

●

ஈரானில் முக்காடு இரண்டு எதிரெதிர் ஆணைகளைப் பார்த்துவிட்டது. 1936 ஜனவரியில் ரெஸா ஷா முக்காட்டைத் தடை செய்தார். தெருவில் போலீஸ்காரர்கள் பிடுங்கினார்கள். முக்காடு இல்லாமல் வெளியே வர மனமில்லாத பெண்கள் வீட்டோடு முடங்கினார்கள். 1941-இல் ஷா முடி துறந்ததும் ஆணை நீர்த்துப்போனது. 1970-களின் கடைசியில் அவர் மகனுக்கு எதிரான ஊர்வலங்களில், படித்த நகரத்துப் பெண்கள் பலர் எதிர்ப்பின் அடையாளமாகவே கறுப்புச் சாதரைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். புரட்சி வென்றது. 1979 மார்ச் 8, மகளிர் தினம். முக்காடு கட்டாயமாகப் போகிறது என்ற பேச்சைக் கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் தெஹ்ரான் தெருவில் திரண்டார்கள். பலன் இல்லை, 1983-இல் முக்காடு போடாவிட்டால் 74 கசையடி என்று சட்டமானது. 2022 செப்டம்பரில் ஒழுக்கக் கண்காணிப்புப் போலீஸ் பிடித்துச் சென்ற மஹ்சா அமீனி இறந்தபோது நாடே கொந்தளித்தது. பிடுங்கியவர்களையும் போர்த்தியவர்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பவர்கள் உண்டு. அடி வாங்கியது யார் என்று பார்த்தால், இரண்டு தடவையும் பெண்தான்.

●

1999 மே மாதம் துருக்கி நாடாளுமன்றத்தில் பதவியேற்க முக்காட்டோடு வந்த மெர்வே கவாக்ஜியைப் பிற உறுப்பினர்கள் கூச்சல் போட்டு விரட்டினார்கள். 2013 அக்டோபரில் நான்கு பெண் உறுப்பினர்கள் முக்காட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். யாரும் விரட்டவில்லை.

●

1965 ஜனவரி, பாகிஸ்தான் ஜனாதிபதித் தேர்தல். ராணுவத் தளபதியாக இருந்து ஆட்சியைப் பிடித்த அயூப் கானை எதிர்த்து நின்றவர் ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா. அவருக்கு லாந்தர் விளக்கு, அயூபுக்கு ரோஜாப்பூ சின்னம். பெண் ஆட்சித் தலைவராகலாமா என்ற கேள்வியை உலமாக்கள் சிலரைக் கொண்டு கிளப்பியது அயூப் தரப்பு. நவீனவாதி என்று பேர் எடுத்தவர் தரப்பு! பெண்ணை ஆதரித்து மேடை ஏறியது யார் தெரியுமா? மௌதூதியின் மார்க்கக் கட்சியான ஜமாஅத்தே இஸ்லாமி. ஓட்டுப் போட்டது பொதுமக்கள் அல்ல. 80,000 தேர்வாளர்கள் மட்டும். அயூப் ஜெயித்தார், கராச்சியும் டாக்காவும் லாந்தர் பக்கம் நின்றன.

●

வாரவிடுமுறை எந்த நாள் என்பதும் அரசியல்தான். துருக்கி 1935-இல் வெள்ளியை விட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. பாகிஸ்தானில் 1977-இல், தேர்தலில் முறைகேடு என்று எதிர்க்கட்சிகள் தெருவில் இறங்கியதும், பிரதமர் புட்டோ மதுவைத் தடை செய்து வெள்ளியை விடுமுறை ஆக்கினார். அதுவும் கைகொடுக்கவில்லை, ஜூலையில் ராணுவத் தளபதி ஜியா ஆட்சியைப் பிடித்தார். 1997-இல் நவாஸ் ஷெரீஃப் வியாபாரிகளின் வசதிக்காக மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்குப் போனார். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை அரை நாள் வேலை; ஜும்ஆ குத்பா நாடு முழுவதும் பகல் 1.15-க்கு என்று நேரம் குறித்தார்கள். ஷார்ஜா மட்டும் அரசு ஊழியர்களுக்கு மூன்று நாள் விடுமுறை கொடுத்தது. துபாயில் குடியிருந்து ஷார்ஜாவில் வேலை பார்ப்பவர் கொடுத்துவைத்தவர்.

●

சவூதியில் பெண்கள் சட்டப்படி கார் ஓட்டத் தொடங்கிய நாள் 2018 ஜூன் 24. அந்த உரிமைக்காகப் போராடிய லூஜைன் அல்-ஹத்லூல் முதலானோர் கைதானது அதற்கு முந்தைய மாதம்! உரிமை அரசர் கொடுத்தது, யாரும் கேட்டு வாங்கியதல்ல என்று காட்ட வேண்டுமே.

●

உலகிலேயே முஸ்லிம்கள் அதிகமாக வாழும் நாடான இந்தோனேசியாவில், 1999-இல் மேகவதி ஜனாதிபதியாவதைப் 'பெண் ஆளக் கூடாது' என்று எதிர்த்தவர்களில் ஹம்ஸா ஹாஸின் கட்சியும் ஒன்று. 2001-இல் மேகவதி ஜனாதிபதியானார். துணை ஜனாதிபதி? ஹம்ஸா ஹாஸ்.