சிறைப்பட்ட நீரில் ஒரு குமிழி

எங்கள் பள்ளியின் பழைய கிணற்றுச் சுவரில் பெரணிச் செடிகள் அடர்ந்து வளர்ந்திருப்பதை யாவரும் பார்த்திருப்பீர்கள். இலையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் பழுப்பு நிறப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். சிறு வகுப்பில் அவற்றைப் பூச்சி முட்டைகள் என்று எண்ணி நாங்கள் கிள்ளி எறிந்ததுண்டு. இவ்வாண்டு எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர், ஒரு பொட்டைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் இட்டு நுண்ணோக்கியின் அடியில் வைத்தார்கள். மேசை விளக்கின் சூட்டில் அது காயத் தொடங்கியது. குண்டூசித் தலையைவிடச் சிறிய உருண்டைப் பைகள் மெல்ல வாய் திறந்து பின்புறமாக வளைந்தன. திடீரென்று ஒரு பை துள்ளியது. இருந்த இடத்தில் அதைக் காணோம்! தங்கள் முறை வருவதற்குள் பாதிப் பைகள் ஓடிவிட்டன என்று கடைசி வரிசை மாணவியருக்கு இன்றுவரை மனக்குறை.

அந்தத் துள்ளலுக்குக் காரணம் நீரில் தோன்றும் குமிழி என்று சிஸ்டர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. குமிழி என்றால் தொட்டால் உடைவது அல்லவா? அதற்கு ஏது இவ்வளவு பலம்?

அந்தப் பைக்கு ஸ்போராஞ்சியம் என்று பெயர். உள்ளே பெரணியின் ஸ்போர்கள் இருக்கின்றன. பையின் முதுகில் 12 அல்லது 13 செல்கள் ஒரு வளையம்போல் அமைந்துள்ளன. இதை ஆனுலஸ் என்பர். ஒவ்வொரு செல்லிலும் நீர் நிறைந்திருக்கும். உட்சுவரும் பக்கச்சுவர்களும் தடித்தவை. வெளிச்சுவர் மட்டும் மெல்லியது. காற்று உலர்ந்திருக்கும்போது அந்த மெல்லிய சுவர் வழியாக நீர் ஆவியாகிறது. உள்ளே எஞ்சிய நீர் சுவர்களைப் பற்றிக்கொண்டு தன் பக்கம் இழுக்கிறது. விரித்த விசிறியை மடக்குவதுபோல் பக்கச்சுவர்கள் நெருங்க, வளையம் பின்னோக்கி வளைந்து பையைக் கிழித்துத் திறக்கிறது. வில்லில் நாண் ஏற்றியாயிற்று.

நீரை ஊற்றலாம், அழுத்தலாம். கயிற்றைப்போல் இழுக்க முடியுமா? வாளி நீரில் முடியாது. அதில் தூசியும் காற்றும் கலந்திருப்பதால் உடனே அறுந்துவிடும். காற்று சிறிதும் இல்லாமல் மிகச் சிறிய அறைக்குள் அடைபட்ட நீரோ வியக்கத்தக்க இழுவிசையைத் தாங்குகிறது. பெரணியின் செல்லில் அது காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு வரை செல்கிறது. அதற்கு மேல் நீர் தாங்காமல் அறுகிறது. அறுந்த இடத்தில் நீராவிக் குமிழி பிறக்கிறது. இதுவே கேவிடேஷன்.

இந்தச் சொல் 1890களில் கப்பல் கட்டுவோரிடையே எழுந்தது. வேகமாகச் சுழலும் கப்பல் விசிறியின் அருகே தோன்றும் குமிழிகள் பெரிதாகிப் பின் நொறுங்கும்போது உலோகத்தையே அரித்துவிடும். அவ்வாறு நொறுங்கும் குமிழியின் கணக்கை ராலே பிரபு 1917ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆனால் அது திறந்த கடல். குமிழி விரியத் தடையில்லை. அடைபட்ட அறையில் குமிழிக்கு இடம் ஏது?

இதை நாங்களே கணக்கிட்டுப் பார்த்தோம். 90 மடங்கு அழுத்தத்திற்குச் சமமாக இழுத்தாலும் நீரின் பருமன் ஆயிரத்தில் நான்கு பங்குதான் கூடுகிறது. சுவர் அசையாது என்று கொண்டால், நீர் தன் பழைய அளவுக்குச் சுருங்கும்போது விடும் அந்த நான்கு பங்கு இடமே குமிழியின் வீடு. சிறியதுதான், ஆனால் அது அமைந்தவுடன் அத்தனை இழுவிசையும் தீர்ந்துவிடுகிறது. பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர்கள் செடியே இல்லாமல், களி போன்ற ஒரு பொருளில் நுண்ணிய நீர் அறைகள் அமைத்து இதை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு வினாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் வரும் ஓரிரு பங்கு நேரத்தில் குமிழி தோன்றி, அதிர்ந்து, நிலைத்துவிடுகிறதாம். கடல் குமிழியைப்போல் அது நொறுங்குவதில்லை. அதன்பின் நீர் வெளியே கசியக் கசிய, மெதுவாக வளர்ந்து அறையை நிரப்புகிறது.

பெரணியில் சுவர் அசையும், அங்கேதான் வேடிக்கை. குமிழிகள் தோன்றியதும் இழுபட்ட சுவர்கள் விடுபட்டு வளையம் முன்னோக்கிப் பாய்கிறது. முழுவதும் மூடிக்கொண்டால் ஸ்போர்கள் மீண்டும் பைக்குள்ளேயே சிக்கும் அல்லவா? கோட்டை மதிலைத் தாக்கிய பழங்காலக் கல்லெறி பொறிகளில் கரத்தை நடுவழியில் நிறுத்த ஒரு குறுக்குச் சட்டம் உண்டு. பெரணியில் அது இல்லை. சேவியர் நோப்ளினும் தோழர்களும் 2012ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டனர். முதற்பகுதி மூடல், வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிகிறது. பின்பு சுவரின் நுண்துளைகளில் நீர் நகர வேண்டியிருப்பதால் வேகம் தடைப்பட்டு, எஞ்சிய மூடல் பல ஆயிரம் மடங்கு மெதுவாக நடக்கிறது. நீரே குறுக்குச் சட்டம்! ஸ்போர்களோ வினாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகத்தில் பறந்துவிடுகின்றன. நாம் சைக்கிள் மிதிக்கும் வேகத்தைவிட இது அதிகம்.

பெரணிக்கு நண்பனான இக்குமிழி மற்றச் செடிகளுக்குப் பகை. வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறும் சைலக் குழாய்களிலும் நீர் இழுபட்டே நிற்கிறது. வறட்சியில் இழுவிசை மிஞ்சினால் குழாயில் குமிழி விழுந்து, நீர்க்கம்பி அறுந்துவிடும். 1966ஆம் ஆண்டில் மில்பர்ன், ஜான்சன் என்ற இருவர் ஆமணக்குச் செடியில் அதிர்வுக் கருவியைப் பொருத்திக் கேட்டனர். இலை வாட வாட ‘டிக், டிக்’ என்ற ஒலி எழுந்தது. நம் ஊரில் குப்பைமேட்டில்கூட முளைக்கும் அதே ஆமணக்குத்தான்! குழாய்களுக்கு இடையிலுள்ள சவ்வுகளின் துளைகள் மிக நுண்ணியவை. ஆதலால் ஒரு குழாயில் புகுந்த காற்று அடுத்ததற்கு எளிதில் தாவாது. துளையிலுள்ள நீரின் பரப்பு இழுவிசை அதைத் தடுத்து நிறுத்துகிறது. மூங்கில் போன்ற சில செடிகளில் இரவில் வேர் அழுத்தம் நீரை மேலே தள்ளிக் குழாயை மீண்டும் நிரப்புவதும் உண்டு. எனினும் பல குழாய்கள் ஒன்றாக அறுந்தால் செடி பிழைப்பது அரிது.

இதை எழுதும்போது எங்களுக்கு ஒரு குற்ற உணர்வு. சென்ற கோடை விடுமுறையில் வராந்தாப் பூத்தொட்டிகளுக்கு நீரூற்றும் பொறுப்பு எங்கள் வகுப்பினுடையது. ஒருவர் வருவார் என்று மற்றவர் இருந்துவிட்டோம். திரும்பி வந்து குடம் குடமாக ஊற்றியும் ஏழு செடிகள் துளிர்க்கவில்லை. “இப்ப ஊத்தி என்ன பாப்பா, உள்ளே ஏறணுமே” என்றார் தோட்டக்காரத் தாத்தா. வேர் காய்ந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன “உள்ளே ஏறணும்” என்பதன் பொருள் எங்களுக்கு இப்போதுதான் விளங்குகிறது.

இம்முறை விடுமுறைக்கான பெயர்ப் பட்டியலை முன்னதாகவே எழுதி வகுப்பறைக் கதவில் ஒட்டிவிட்டோம். தாத்தா அதை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, “ஞாயித்துக்கிழமைக்கு யார் பேரையும் காணோமே?” என்று கேட்டார்.